ஊர்ப் பெயர் ஒட்டிய டப்பா

தக்கலை
6 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி ஷஹீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். உம்மாவுக்கு மட்டும் மழையோடு சேர்ந்து முட்டுவலி கூடியிருக்கிறது.

ராத்தா எதற்கு மெயில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ சிரிக்க வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் குரலில் பதில் அனுப்புவாய். உன் குரலைக் கேட்டால் நான் கேட்க வந்ததை விட்டுவிடுவேன், அது உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

நேற்று மட்டி வாழை விவசாயிகள் சங்கத்தில் அவசரக் கூட்டம். உன் சரக்கை வாங்கும் ஷார்ஜா சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சங்கத்துக்குப் புகார் வந்திருந்தது. 'சுலைகா மட்டிப்பொடி' டப்பாவைச் சோதித்துப் பார்த்ததில் கந்தகம் இருந்ததாம். டப்பாவில் புவிசார் குறியீட்டு ஸ்டிக்கர் இருக்கிறதல்லவா, அதில் விவசாயியின் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை அவர்கள் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். திற்பரப்பு முத்துக்கனி அக்காவின் எண்.

அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். பழத்தை அறுத்து உலர்த்திக் கொடுப்பது அவள், அதைப் பொடித்து டப்பாவில் அடைப்பது மட்டும்தான் தக்கலையில் உள்ள உன் செட்டில் நடக்கிறது. ஆகவே கந்தகப் புகை அவள் வீட்டில்தான் போட்டிருக்க வேண்டும் என்று தலைவர் ஆன்ட்ரூஸ் சொன்னார். "நான் வெயிலைத் தவிர ஒண்ணையும் அது மேல காட்டல. நிழல்தாங்கல்ல அய்யா முன்ன வந்து சத்தியம் செய்யட்டா?" என்றாள். அழவில்லை. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

விசாரணை முடியும்வரை அவளை நீக்கி வைத்திருக்கிறார்கள். அதுவரை மட்டி என்றோ கன்னியாகுமரி மட்டி என்றோ அவள் எந்தச் சரக்குக்கும் பெயர் சொல்லக் கூடாது. குற்றம் உறுதியானால் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லி எழுதுவார்களாம். தீர்மானத்தைச் செயலாளர் என்ற முறையில் நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஷஹீர், ஒன்றே ஒன்று சொல். அந்த டப்பாவில் இருந்தது முத்துக்கனி அக்காவின் மட்டிதானா?

உன் ராத்தா
ரஸீனா


ஷார்ஜா
8 செப்டம்பர் 2025

அன்புள்ள ராத்தா,

வ அலைக்கும் ஸலாம். நீ எழுதியதைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் பிரின்சிபல் கூப்பிட்டு அனுப்பியது மாதிரி இருந்தது. உம்மாவின் முட்டுக்கு நல்ல டாக்டராகப் பார். நாகர்கோவிலில் யாரோ புதிதாக வந்திருக்கிறாராம்.

சூப்பர் மார்க்கெட் விஷயத்தைப் பெரிதாக்காதே. இங்கே மாதம் ஒரு புகார் வரும், போகும். நம் பொடிக்கு இருக்கிற மார்க்கெட் உனக்குத் தெரியாது. மலையாளி நர்ஸ்கள், நம் மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்கள், எல்லோரும் பிள்ளைக்குச் சோறூட்டத் தொடங்கும்போது முதலில் கேட்பது சுலைகாவைத்தான். உம்மா பெயரையே டிரேட்மார்க்காகப் பதிந்தபோது நீ சிரித்தாய், நினைவிருக்கிறதா? இன்று அந்தப் பெயருக்குத்தான் மதிப்பு.

முத்துக்கனி அக்கா நல்லவள்தான். ஆனால் மழைக்காலத்தில் பழம் பூசணம் பிடிக்கும்போது யாராவது எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். செய்தவர்கள் செய்தோம் என்றா சொல்வார்கள்? ஒரு வருடத்தில் எல்லோரும் மறந்து திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த ஸ்டிக்கர் ரோலைப் பற்றி நீ சங்கத்தில் ஒன்றும் சொல்லவில்லையே? தேவையில்லாமல் குழப்பம் வரும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்
ஷஹீர்


தக்கலை
9 செப்டம்பர் 2025

ஷஹீர்,

ரோலைப் பற்றி நான் உன்னிடம் கேட்கவே இல்லை.

ஜூனில் நீ போன் செய்து, செட்டில் பிரிண்டர் கெட்டுவிட்டது, அவசரமாக ஒரு ரோல் ஸ்டிக்கர் கொடு என்றாய். சங்கத்து அலமாரியில் முத்துக்கனி அக்காவின் எண் போட்ட ரோல்தான் மிச்சம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அந்த மாதம் அவளிடமிருந்து சரக்கே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். சூறைக்காற்றில் அவள் தோட்டத்தில் குலை தள்ளியிருந்த வாழையெல்லாம் சாய்ந்து கிடந்ததை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

தெரிந்தும் நான் உன்னிடம் எதற்கு என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எதற்கு?

ரஸீனா


ஷார்ஜா
14 செப்டம்பர் 2025

ராத்தா,

ஐந்து நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

அது நம் மட்டி இல்லை. வேறு மாவட்டத்திலிருந்து ஒரு ஏஜென்ட் மூலம் உலர்ந்த வாழைத் துண்டு எடுத்தேன். என்ன வாழை என்றுகூட நான் கேட்கவில்லை. வெள்ளையாக, பார்க்க நன்றாக இருந்தது. அந்த வெள்ளை கந்தகப் புகையால் வந்தது என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. பொடியாக்கிவிட்டால் எந்த வாழை என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

காற்றில் நம் பக்கத்து வாழை எல்லாம் சாய்ந்துபோன நேரம். சூப்பர் மார்க்கெட்டோடு போட்ட ஒப்பந்தப்படி ஒரு மாதம் சரக்கு தவறினாலும் அந்த அலமாரி வேறொருவனுக்குப் போய்விடும். அலமாரியில் இடம் பிடிக்க நான் பட்டது உனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, அடுத்த மாதம் நம் சரக்கு வந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். 'சுலைகா' என்று மட்டும் போட்டு, ஊர்ப் பெயர் இல்லாமல் விற்றிருக்கலாம். அப்படி விற்றால் யாரும் வாங்கமாட்டார்கள். ஊர்ப் பெயருக்காகத்தான் வாங்குகிறார்கள்.

சூப்பர் மார்க்கெட் மட்டும்தான் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சின்ன மளிகைக் கடைகளில் ஒரு பிரச்சினையும் இல்லை, அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே கைமீறிப் போகவில்லை, பயப்படாதே.

முத்துக்கனி அக்கா மாட்டுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்த ரோலில் யார் எண் இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

எனக்குக் கொஞ்சம் டைம் கொடு. ஏதாவது வழி பண்ணுகிறேன்.

ஷஹீர்


தக்கலை
2 அக்டோபர் 2025

ஷஹீர்,

உனக்கு டைம் கொடுத்தேன். அதில் எனக்கு என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

நேற்று முத்துக்கனி அக்கா வீட்டுக்கு வந்தாள். திற்பரப்பிலிருந்து பஸ் மாறி, மழையில் நனைந்து வந்தாள். கையில் உம்மாவுக்கு ஒரு சீப்புப் பழம். நான் வாசலில் அவளைக் கண்டதும், எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நொடி எனக்கு ஆசுவாசமாகக்கூட இருந்தது.

அவள் வந்தது அதற்கில்லை. விசாரணைக் குழுவுக்குத் தன் பக்கத்தைச் சொல்லி மனு எழுதித் தரக் கேட்டு வந்தாள்.

"எனக்கு நாக்கு இருக்கு மக்கா, ஆனா எழுத்து வராதுல்லா. நீ எழுதினா நாலு பேரு நம்புவாவ" என்றாள்.

"வேற யாராவது வக்கீல வச்சு எழுதலாமே அக்கா" என்றேன்.

"வக்கீலுக்கு என்னத் தெரியுமா? உனக்குத் தெரியும்லா."

உட்கார்ந்து எழுதினேன் ஷஹீர். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நான் எந்த இரசாயனமும் பயன்படுத்தவில்லை, என் எண் எப்படி அந்த டப்பாவுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' இந்த வரியை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. "என்னட்டி, மை தீந்து போச்சா?" என்று கேட்டாள்.

பிறகு வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். "நல்லாருக்கு. படிச்சா எனக்கே அழுவாச்சி வருது" என்று சொல்லிச் சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். உம்மாவோடு சாயா குடித்துவிட்டுப் போனாள்.

உம்மா அந்தப் பழத்தை எனக்கும் ஒன்று உரித்துக் கொடுத்தாள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

நீ உண்மையைச் சங்கத்துக்கு எழுது. விசாரணை அடுத்த மாதம். அதற்கு முன்னால் எழுது.

ரஸீனா


ஷார்ஜா
5 அக்டோபர் 2025

ராத்தா,

நான் எழுதினால் என்ன ஆகும் என்று வக்கீலிடம் யார் பெயரும் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். பொய்யாகப் புவிசார் குறியீட்டை ஒட்டி விற்றால் ஜெயில் தண்டனையே உண்டாம். டிரேட்மார்க் போல இதை இன்னொருவருக்கு விற்கவோ இரவல் கொடுக்கவோ முடியாதாம். விளைவிக்கிறவர்களுக்கு மட்டுமே சொந்தமாம். அப்படியானால் ஸ்டிக்கரை எடுத்துக் கொடுத்த நீயும் சிக்குவாய். மச்சான் ஊரில் கடை வைத்திருக்கிற மனுஷன். அவர் என்ன செய்வார்?

உம்மாவை நினைத்துப் பார். பேப்பரில் போடும்போது என் பெயரையா போடுவான்? 'சுலைகா பொடியில் மோசடி' என்றுதான் போடுவான். இந்த வயதில் அதைப் பார்க்க வேண்டுமா?

முத்துக்கனி அக்காவுக்கு நான் வேறு வழியில் நல்லது செய்கிறேன். அவள் மகன் பிரபினுக்கு இங்கே வேலைக்கு விசா எடுத்துத் தருகிறேன். நல்ல வேலை. நான் சொன்னேன் என்று சொல்லாமல் நீயே கேட்டுப் பார். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், பேசாமல் இரு.

ஷஹீர்


தக்கலை
26 அக்டோபர் 2025

ஷஹீர்,

உன் கடிதத்துக்குப் பிறகு மூன்று வாரம் பேசாமல்தான் இருந்தேன். நீ காலைப் பிடித்ததால் என்று சொல்லமாட்டேன். எனக்கே பயம். மச்சானிடம்கூடச் சொல்லவில்லை. சங்க ஆபீசுக்குப் போவேன், அந்த அலமாரியைப் பார்க்காமல் திரும்பி உட்காருவேன்.

நேற்று விசா விஷயத்தைப் பேசத்தான் திற்பரப்புக்குப் போனேன். ஆம், நீ சொன்னதைச் செய்யத்தான் போனேன். முத்துக்கனி அக்கா வீட்டில் இல்லை. அருவிக்குப் போகிற வழியில் கடை போட்டிருக்கிறாள் என்றார்கள். சங்கம் அவள் சரக்கை எடுக்காததால் பழத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிறாளாம்.

குளித்துவிட்டு ஈரத் துணியோடு கூட்டம் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு வெளியூர்க்காரர் குலையைத் தொட்டு, "இதுதான் மட்டிப்பழமா?" என்று கேட்டார்.

"பழம்" என்றாள் அக்கா.

"மட்டியான்னு கேட்டேம்மா."

"அந்தப் பேரச் சொல்ல எனக்கு விலக்கு இருக்கு. பழம்னு நெனச்சுத் தின்னு பாருங்க, பிடிச்சா வாங்குங்க."

அந்த ஆளுக்குப் புரியவில்லை. மட்டி இல்லாததை மட்டி போல வைத்து ஏமாற்றுகிறாள் என்று நினைத்திருப்பார் போல, அடுத்த கடைக்குப் போய்விட்டார். அடுத்த கடைக்காரன் சத்தமாக, "மட்டி, மட்டி, கன்னியாகுமரி மட்டி" என்று கூவிக்கொண்டிருந்தான். அவன் குலையில் பாதி மட்டியே இல்லை.

யாரும் காவலுக்கு நிற்கவில்லை ஷஹீர். அவள் சொன்னால் கேட்க ஆளில்லை. நான் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு வரிக்குக் கட்டுப்பட்டு, தன் தோட்டத்தில் விளைந்த பழத்தின் பெயரை அவள் சொல்லாமல் நிற்கிறாள்.

என்னைக் கண்டதும், "வா மக்கா, வெயில்ல நிக்காத" என்று முக்காலியை இழுத்துப் போட்டாள். விசாவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை நவம்பர் 12. நான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நீ சொன்னால் உனக்கு நல்லது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

ரஸீனா


ஷார்ஜா
28 அக்டோபர் 2025

நீ சொல். தாராளமாகச் சொல். கூடப் பிறந்தவனை விற்றுவிட்டு நல்லவள் என்று பெயர் வாங்கு. ஸ்டிக்கர் ரோல் தானாக நடந்து என் செட்டுக்கு வரவில்லை என்பதையும் மறக்காமல் சொல்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஷஹீர்


தக்கலை
15 நவம்பர் 2025

ஷஹீர்,

எழுத வேண்டாம் என்றாய். நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

விசாரணையில் ஸ்டிக்கர் ரோலைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். நீ மறக்காமல் சொல் என்றதால் இல்லை, அங்கிருந்துதான் தொடங்க முடிந்தது. சரக்கு வராத மாதத்தில் ரோலை எடுத்துக் கொடுத்தது நான், எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன், என்ன நடந்தது என்று செப்டம்பரிலேயே தெரிந்தும் இருந்துவிட்டேன் என்றேன். பிறகு உன் பெயரைச் சொன்னேன். ஆன்ட்ரூஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ரஸீனா, நீ யோசிச்சுத்தான் பேசுதியா?" என்று கேட்டார். "யோசிச்சதுனாலதான் சார் இவ்வளவு நாளாச்சு" என்றேன்.

அக்கா மேலுள்ள நடவடிக்கையை அங்கேயே ரத்து செய்தார்கள். அவள் பதிவு அப்படியே இருக்கும். என்னைச் சங்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் இருவர் மேலும் போலீசில் புகார் கொடுக்கிறார்கள், சென்னைக்கும் எழுதுகிறார்கள். மச்சானுக்கு அன்று மாலைதான் தெரியும். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலை, "வக்கீலப் பாக்கப் போவணும், கிளம்பு" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் முடிந்து முத்துக்கனி அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரம் போய் நின்றாள்.

"அண்ணைக்கு எனக்க மனுவ எழுதும்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"வாசிச்சுக் காட்டும்போ?"

"தெரியும்."

தலையை ஆட்டினாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

உம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வேறு யாரும் வந்து சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டிரேட்மார்க், புவிசார் குறியீடு, கேஸ், ஜெயில், பேப்பரில் அவள் பெயர் வரக்கூடும் என்பது வரை. நான் முடித்த பிறகு உம்மா, "அந்தப் பொடியப் பிள்ளையள் தின்னுச்சா?" என்று கேட்டாள்.

"தின்னிருக்கும் உம்மா."

"பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"தெரியல்ல உம்மா."

"தெரியல்லன்னா? அவன்கிட்ட நீ கேக்கலியா?"

நான் கேட்கவில்லை ஷஹீர். நீயும் சொல்லவில்லை. சின்னக் கடைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நீ எழுதியதை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். முத்துக்கனி அக்காவின் பெயர், உம்மாவின் பெயர், உன் பெயர், என் பெயர், இவற்றைப் பற்றி மட்டும்தான் இத்தனை நாளும் நாம் எழுதிக்கொண்டிருந்தோம்.

"எனக்க பேர அதுலேருந்து எடுக்கச் சொல்லு" என்றாள் உம்மா. "அதுக்கு முன்ன, கடையில கெடக்கிறத எல்லாம் எடுக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.

ரஸீனா


ஷார்ஜா
23 நவம்பர் 2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்த அன்று அதைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்து உம்மா கேட்டதை வாசித்தபோது நான் என் ஆபீசில் இருந்தேன். பக்கத்தில் நின்ற பையன், சார் உடம்புக்கு என்ன என்று கேட்டான்.

இந்த ஒரு வாரமாக ஷார்ஜா, அஜ்மான், துபாய் என்று ஒவ்வொரு மளிகைக் கடையாகப் போய் அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆள் வைத்து எடுக்கலாம். ஆள் அனுப்பினால் 'பழைய ஸ்டாக்' என்று சொல்லி எடுத்து வந்துவிடுவான். நானும் முதல் இரண்டு கடைகளில் அப்படித்தான் சொன்னேன். மூன்றாவதில் சொல்ல முடியவில்லை. எதற்கு எடுக்கிறேன் என்று சொன்னேன். கடைக்காரர் என்னை வெளியே போகச் சொன்னார். சூப்பர் மார்க்கெட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே அதிகாரிகளுக்கும் சொல்லியாகிவிட்டது. உம்மா பெயரில் இருக்கும் டிரேட்மார்க்கை விட்டுவிடுவதாகச் சென்னை வக்கீலிடம் மனு போடச் சொல்லியிருக்கிறேன். சங்கத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை என்று அதில் இருக்கிறது. ரோலை உன்னிடம் பொய் சொல்லித்தான் வாங்கினேன் என்பதும் இருக்கிறது.

அக்டோபரில் நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. இங்கே அதிகாரிகள் விட்டால் அடுத்த வாரமே ஊருக்கு வருவேன். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம். திருவனந்தபுரத்தில் இறங்கி நேரே தக்கலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, விட்டால் வீட்டுக்கு வருகிறேன்.

உம்மா கேட்டதற்குப் பதில் இன்னும் முழுதாக என்னிடம் இல்லை. தெரிந்தவரை சொல்கிறேன். நேற்று அஜ்மானில் ஒரு கடையில் டப்பாக்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து, ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாள். பேச்சிலேயே தெரிந்தது, நம் பக்கத்துப் பெண். குழித்துறையாம்.

"அண்ணா, இது எங்க ஊரு மட்டியாக்கும். இவன் வேற ஒண்ணும் தின்னமாட்டான்" என்றாள்.

"இது நம்ம ஊரு மட்டி இல்ல" என்றேன். அவள் டப்பாவைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினாள். "அத நான்தான் ஒட்டினேன். பொய்யா ஒட்டினேன். உள்ள கந்தகம் இருக்கு, பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது" என்றேன்.

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு, இரண்டு மாதமாகப் பிள்ளைக்கு மூச்சு இளைப்பு என்றாள். டாக்டரிடம் காட்டினார்களாம், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்து கொடுத்தாராம். இதனாலா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது ராத்தா. தெரியாது என்றுதான் சொன்னேன். டப்பாவையும் சூப்பர் மார்க்கெட்டின் சோதனை அறிக்கை நகலையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். இப்போதே வருகிறேன், வண்டி இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றாள்.

பிள்ளை என் சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குக் கை நீட்டினான். அவள் அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, போனை எடுத்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

ஷஹீர்